விழித்திருக்கும் மார்லிஸ்

"சரி, ரெண்டையும் நானே பார்த்துக்கறேன்" என்று மார்லிஸ் டொலெஃப்சன் தன் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியபோது மணி பதினொன்று முப்பத்தேழு. அந்த நேரத்தில் அவள் சோபாவில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் கம்பளிக்குள்ளுமாக, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தைக் காலை ஆறே முக்காலுக்கே எழுதி, பதினொன்று முப்பத்தேழுக்குப் போகும்படி கணினியில் நேரம் குறித்து வைத்திருந்தாள். விதைப் பட்டியலின் அவரைக்காய்ப் பக்கத்திலும் பட்டாணிப் பக்கத்திலும் சின்னத் திருத்தம் வேண்டும் என்று மேலாளர் டுவேன் முந்தின நாள் கேட்டிருந்தார். அதற்கான பதில் அது. ஆனால் பதினொன்று முப்பத்துநாலுக்கு டுவேனிடமிருந்து புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

"வெங்காயம் முப்பது வகை, உருளைக்கிழங்கு இருபத்திரண்டு வகை இருக்கு. நாம பிரிச்சுக்கலாம். எதை எடுத்துக்கறீங்க?"

சரியாக மூன்று நிமிஷத்தில் பதில் போய்விட்டது. ரெண்டையும்.

இரண்டரை மணிக்குக் கண்விழித்த மார்லிஸ் வெங்காயம், கிழங்கு என்று ஐம்பத்திரண்டு வகைக்குச் சொந்தக்காரியாகியிருந்தாள். "தூங்கும்போதுகூட எனக்கு வாய் ஜாஸ்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் படுத்தாள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் டுலூத் நகரத்தில் ஹாக்பெர்க் விதை நிறுவனம் என்றால் எல்லோருக்கும் தெரியும். புத்தாண்டு பிறந்ததும் அவர்களுடைய விதைப் பட்டியல் வீடுவீடாக வந்து இறங்கும். வெளியே இடுப்பளவு பனி கிடக்க, உள்ளே உட்கார்ந்து தக்காளிப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "கடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும் முள்ளங்கி" என்பது போன்ற வரிகளை எழுதுவது பத்தொன்பது வருஷமாக மார்லிஸின் வேலை. அலுவலகக் கட்டடத்தை விற்றதிலிருந்து அவரவர் வீட்டிலிருந்துதான் எல்லாம் நடந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவளுடைய தெம்பையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ரத்தம், இருதயம், நுரையீரல் எல்லாவற்றையும் பார்த்த டாக்டர், எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்னார். பழைய கைப்பேசி மாதிரி ஆகிவிட்டாள். எண்பது சதவீதம் என்று காட்டும், ஒரு போன் பேசினால் பொட்டென்று அணைந்துவிடும். காலை ஆறு முதல் ஒன்பது வரை மூளை கத்தி மாதிரி வேலை செய்யும். பிறகு முள்ளங்கியில் ஆரம்பிக்கும் வாக்கியம் கத்தரிக்காயில் போய் முடியும். பத்து மணிக்கு மேல் நாற்காலி அவளைப் பிடித்துக்கொண்டிருந்ததா, அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாளா என்று சொல்ல முடியாது.

இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். இரண்டு காரணங்களால் சொல்லவில்லை.

ஒன்று, முதலாளியம்மா திருமதி ஹாக்பெர்க்கின் சட்டம். எழுபத்தெட்டு வயதிலும் அவர் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். முழு நாள் வேலை செய்பவருக்குத்தான் மருத்துவக் காப்பீடு. முடியாதவர்கள் அரை நாளுக்கு மாறிக்கொள்ளலாம், காப்பீடு போய்விடும். மார்லிஸுக்குக் காப்பீடு வேண்டியிருந்ததே முழு நாள் வேலை செய்ய முடியாததால்தான்.

இரண்டாவது காரணம், மினசோட்டாவில் யாரும் அப்படியெல்லாம் சொல்வதில்லை. மரத்திலிருந்து விழுந்து இரண்டு காலும் கட்டுப்போட்டுக் கிடப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் "மோசமில்லை" என்பார். டுவேன் தினமும் காலையில் கேட்பார். இவள் "மோசமில்லை" என்பாள். இவள் திருப்பிக் கேட்பாள். அவரும் "மோசமில்லை" என்பார். பத்தொன்பது வருஷமாக இருவரும் மோசமில்லாமலே இருந்தார்கள்.

ஆகவே மார்லிஸ் தன் மூன்று மணி நேரத்தை எடுத்து நாள் முழுவதற்கும் மெல்லிசாகத் தடவினாள். விடியற்காலையில் பதினைந்து கடிதங்கள் எழுதுவாள். பத்து பதிமூன்று, பன்னிரண்டு நாற்பத்தொன்று, மூன்று இருபத்தாறு என்று நேரம் குறிப்பாள். சரியாகப் பதினொரு மணிக்கு எந்த மனுஷரும் கடிதம் போடுவதில்லை என்பதை யோசித்துவைத்த ஏற்பாடு. உயிரோடிருக்கும் அடையாளமாக நாளுக்கு ஒரு எழுத்துப்பிழையும் வைப்பாள்.

இனிமேல் திட்டவட்டமாக எதையும் சொல்லக்கூடாது என்பதுதான் வெங்காயத்திலிருந்து அவள் கற்ற பாடம். மறுநாள் விடியலில் எழுதியதெல்லாம் வழவழவென்று இருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டுக்குப் போனது இப்படி: "நல்ல யோசனை. அப்படியே செய்யலாம்னுதான் எனக்கும் தோணுது."

பன்னிரண்டு ஒன்பதுக்கு டுவேன் எழுதியிருந்தார்: "வர்ற வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அட்டையில தக்காளியா பூசணியான்னு முடிவு பண்ண போன்ல ஒரு கூட்டம் வைப்போமா? முதலாளியம்மாவும் ஒரு மணிதான் நல்லதுங்கறாங்க. நீங்களே நடத்துங்க."

மதியம் ஒரு மணி. அவளுடைய நாளிலேயே அடிப்பாதாளம் அதுதான். அந்த நேரத்தில் கூட்டம் நடத்துவது இருக்கட்டும், "பூசணி" என்ற சொல்லை முழுசாக உச்சரிக்க முடியுமா என்பதே சந்தேகம்.

அதைவிட வேறொன்று அவளை உறுத்தியது. டுவேனின் கடிதங்களில் கொஞ்ச நாளாக ஒரு குத்தல் தெரிந்தது. போன வாரம் அவரைக்காய்ப் பக்கத்தை அவள் பதினொன்று இருபதுக்குத்தான் அனுப்பினாள், அதாவது கணினி அனுப்பியது. பத்து ஐம்பதுக்கே அவரிடமிருந்து "அவரைக்காய் கிடைச்சுது, பிரமாதம்" என்று வந்துவிட்டது. அனுப்பாததற்கு நன்றி சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்? செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்கு வெளியே பனிப்புயல். எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பத்து மைல் தள்ளி இருக்கும் டுவேன் பன்னிரண்டரைக்கு எழுதுகிறார்: "என்ன அருமையான வெயில், இப்பதான் ஒரு நடை போயிட்டு வந்தேன்."

மார்லிஸ் அதை ஐந்து தடவை படித்தாள். நீ வெளியே பார்க்கிற நிலையில் இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதை ஒரு மினசோட்டாக்காரர் இதைவிடப் பட்டவர்த்தனமாகச் சொல்ல முடியாது. சோதிக்கிறார். அவள் பணிவாக, "ஆமா, நல்ல வெயில்" என்று பதில் எழுதினாள். அப்போது பனி அவளுடைய தபால்பெட்டியை மூடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைக்கு அவள் போருக்குப் போகிறவள் மாதிரி தயாரானாள். புதன்கிழமை முழுக்க படுக்கையைவிட்டு எழவில்லை. அன்றைக்கு வேண்டிய கடிதங்களையும் முந்தின நாளே எழுதி நேரம் குறித்திருந்ததால், எல்லாம் தாமாகவே போய் வந்தன. வியாழன் காலையில் கூட்டத்தில் பேச வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி, பூசணி என்று பெரிய எழுத்தில் அடிக்கோடிட்டாள். கூட்டம் முடிந்தபின் விரல்கூட அசையாது என்று தெரிந்ததால் ஒன்று முப்பத்தைந்துக்கு இன்னொன்றும் குறித்துவைத்தாள்: "நல்ல கூட்டம், டுவேன். ரெண்டு பேரும் தெளிவா பேசினோம்."

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் முப்பது வருஷத்துச் சிநேகிதி. மார்லிஸின் பகல்தூக்கம் தெரிந்த ஒரே ஆள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "பன்னிரண்டே முக்காலுக்கு வா. நான் கண்ணை மூடியிருந்தா எழுப்பு. என் பொழைப்பே அதுலதான் இருக்கு" என்று மார்லிஸ் சொன்னாள். ஆர்டிஸ் தலையாட்டினாள். வெறும் கையோடு வர முடியாதே என்று, உருளைக்கிழங்கும் கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி அடுப்பில் சுட்ட ஒரு பாத்திரத்தையும் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

பத்தரை மணிக்கு விசித்திரமாக ஒன்று நடந்தது. மார்லிஸுக்குத் தூக்கம் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. உடம்பு லேசாக, தலை தெளிவாக, பத்தொன்பது வயதுப் பெண்போல இருந்தது. புதன்கிழமை எடுத்த ஓய்வு வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்தாள். அந்த நோயின் குறும்பே அதுதான். நம்பவைத்துவிட்டுத்தான் கழுத்தைப் பிடிக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தத் தெம்பு வீணாகிவிடுமே என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தாள். ஒரு தட்டைக் கழுவினாள். பிறகு எல்லாத் தட்டையும் கழுவினாள். பெட்டியையே இழுத்துப்போட்டு, அதன் பின்னால் நாலு வருஷமாகக் கிடந்த ஒரு ஆரஞ்சை வெளியே எடுத்து வெற்றியோடு பார்த்தாள்.

அவளுக்கு நினைவிருக்கும் கடைசிக் காட்சி அந்த ஆரஞ்சுதான்.

கண் விழித்தபோது மேலே ஒரு போர்வை இருந்தது. வீடெல்லாம் பாலாடைக்கட்டி வாசனை. எதிரே ஆர்டிஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் மணி ஒன்று ஐம்பது.

"ஆர்டிஸ், என்னடி பண்ணிட்டே?"

"நான் கூப்பிட்டேனே. 'வேண்டாம், சிரமப்படாதே'ன்னே. மறுபடியும் கூப்பிட்டேன். அப்பவும் அதையேதான் சொன்னே."

"தூக்கத்துல சொன்னதைப் போய்... மூணாவது தடவை கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"மூணாவதுக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள குறட்டை விட்டுட்டே. அதுக்கு மேல வற்புறுத்தினா நல்லாவா இருக்கும்?"

மார்லிஸ் தள்ளாடிக்கொண்டே கணினிக்குப் போனாள். ஒன்று முப்பத்தைந்துக்கு அவளுடைய "நல்ல கூட்டம், டுவேன்" கடமை தவறாமல் கிளம்பிப் போயிருந்தது. தான் எட்டிக்கூடப் பார்க்காத கூட்டத்துக்குத் தானே சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

அதற்கு மூன்று நிமிஷம் முன்பே டுவேனின் கடிதம் வந்திருந்தது. "நன்றி, மார்லிஸ். ரொம்ப நல்லா நடத்தினீங்க. உங்களை மாதிரி கவனமா இருக்க என்னால முடியாது."

அதற்குக் கீழே மூன்றாவது ஒன்று. ஒன்று நாற்பத்திரண்டு, திருமதி ஹாக்பெர்க்கிடமிருந்து. "நானும் ஓரமா இருந்து எல்லாத்தையும் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லா பேசினீங்க."

மார்லிஸ் அதை மறுபடியும் படித்தாள். ஒரு கணம் நப்பாசை எழுந்தது.

"ஆர்டிஸ், நான் தூக்கத்துல போன்ல ஏதாவது பேசினேனா?"

ஆர்டிஸ் நியாயமாக யோசித்தாள். "போன்ல இல்ல. சும்மா ஒரு தடவை 'பூசணி'ன்னே. தெளிவாத்தான் சொன்னே."

அப்படியானால் சந்தேகமே இல்லை. இரண்டு பேரும் சரியாக ஒரு மணிக்குக் காத்திருந்திருக்கிறார்கள். வெறும் நிசப்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். பிறகு கலந்து பேசிக்கொண்டு, கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், அந்த ஊருக்கே உரிய முறையில் அவளைக் கழித்துக்கட்டியிருக்கிறார்கள். பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. அடுத்து வரப்போவது பிரிவுபசாரக் கேக்.

ஆர்டிஸ் ஒரு தட்டில் பரிமாறிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மரியாதைக்கு வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் மார்லிஸ் சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்து ஆர்டிஸுக்கு நிஜமாகவே கவலை வந்துவிட்டது.

"போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடு" என்றாள். "காப்பீடு போனா போகுது. நானும் இந்த வயசுல ஒரு டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கறதாத்தான் இருக்கேன், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துக்கச் சொல்றேன்."

மார்லிஸ் சிரிக்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இரண்டு வருஷமாக விடியலில் எழுந்து, நாள் முழுக்க விழித்திருக்கும் ஒரு பெண்ணை எழுத்தால் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கே பொறாமையாக இருந்தது. அவளைச் சுமப்பதுதான் வேலையைவிட அதிகக் களைப்பு என்று இப்போது தோன்றியது.

டுவேனின் வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்தினாள். ஆறேழு தடவை மணியடித்த பிறகு அவர் மனைவி லோரெட்டா எடுத்தாள். சன்னமான குரல்.

"மார்லிஸா? எப்படி இருக்கீங்க?"

மோசமில்லை என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மார்லிஸ் அதை விழுங்கினாள்.

"நல்லா இல்லை, லோரெட்டா."

"என்னது?" என்றது மறுமுனை. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பதிலை லோரெட்டா கேட்டதே இல்லை போலும்.

"ரெண்டு வருஷமா நல்லா இல்லை. பத்து மணிக்கு மேல என்னால உக்காரக்கூட முடியறதில்லை. கடிதத்தையெல்லாம் காலைலயே எழுதிவெச்சுட்டுப் படுத்துடறேன். இன்னைக்குக் கூட்டத்துக்கும் நான் வரலை, தூங்கிட்டேன். டுவேன்கிட்ட நானே சொல்லிடறேன், அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

பிறகு ஒரு கதவை மெல்லச் சாத்தும் சத்தம் கேட்டது. லோரெட்டா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க, மார்லிஸ். உங்களுக்கு அனுப்ப வேண்டியதையெல்லாம் விடியறப்பவே எழுதி நேரம் குறிச்சு வெச்சுட்டு அவர் இன்னைக்கும் பத்து மணிக்கே படுத்துட்டார், 'அந்த மார்லிஸ் நாள் முழுக்க முழிச்சிருக்கிற பொம்பளை, அவளுக்கு மட்டும் தெரிஞ்சா என் வேலை போயிடும்'னு ரெண்டு வருஷமா பயந்து சாகறார்."