எதெல்மிரா வீடு எந்தப் பக்கம்?

“முடியாதும்மா. உங்க வீடு குடியிருப்புப் பகுதியில இருக்கு. அங்க சாப்பாட்டுக்கடை நடத்த அனுமதி தர முடியாது,” என்றார் லிசாந்த்ரோ. இதை எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

லிசாந்த்ரோ அந்தச் சின்ன ஊருக்குக் கட்டட அனுமதி அதிகாரி. சொந்த ஊர் ரங்காகுவா. அங்கே மனைவி நிறைமாதம். பிரசவத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். மாற்றல் உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் மேலிடத்து ஆசாமிகள் அதில் ஒரு வாலை ஒட்டி அனுப்பியிருந்தார்கள்: மேசையில் ஒரு மனுகூட நிலுவையில் இருக்கக் கூடாது. சிலோயே தீவின் மழையில் நனைந்து பாசி பிடிக்காத குறையாக இருந்தவர், விழுந்து விழுந்து வேலை செய்து எல்லா மனுக்களையும் தீர்த்துவிட்டார். மிச்சம் ஒன்றே ஒன்று. அது எதிர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தது.

ஊரே எதெல்மிராக்கா என்று கூப்பிடும் எதெல்மிராவுக்குக் கைமணம் அபாரம். அதை விற்றுப் பிழைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மனுவைத் தள்ளுபடி செய்தால் மேல்முறையீடு செய்வேன் என்றாள். அதுவும் நிலுவைதான். வாபஸ் வாங்கச் சொன்னால் சிரித்தாள். அதற்கு மேல் லிசாந்த்ரோவுக்குப் பொறுமை இல்லை.

“எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் உங்க வீடு இருந்திருந்தா, இந்த நிமிஷமே முத்திரை குத்திக் கையில குடுத்திருப்பேன்.”

பின்னல் ஊசி நின்றது. “அந்தப் பக்கம்னா எது சார்?”

“கீழ. ஒயார்சோவோட ஹோட்டல், கடையெல்லாம் இருக்கற பக்கம்.”

“அந்த ஹோட்டலுக்கும் கீழ என் தம்பி மனை சும்மாதான் கெடக்கு. அப்ப சரி சார். பேச்சு மாறக் கூடாது.”

விட்டது தொல்லை என்று லிசாந்த்ரோ பெருமூச்சு விட்டார். வெளியூர்க்காரர், பாவம். அந்தத் தீவில் பிறந்த எவனும் எவளிடமும் அப்படியொரு பேச்சைப் பேசியிருக்க மாட்டான்.

சனிக்கிழமை காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மறைந்தது. எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பூச்சு, ஓட்டுக்கூரை, ஜன்னலில் தொங்கும் வெள்ளைத் திரை எல்லாவற்றோடும் எதெல்மிராக்காவின் மரவீடு உருட்டுக்கட்டைகள்மேல் ஊர்ந்து இறங்கியது. முன்னால் ஏர்மாடுகள் வரிசையாகப் பூட்டியிருந்தன. வடம் பிடித்து ஊரில் பாதிப் பேர். மாடுகளை அதட்டிக்கொண்டு அர்செனியோ. அவனை விட்டால் அந்தப் பக்கத்தில் வீடு இழுக்க வேறு ஆள் கிடையாது.

இதற்கு மிங்கா என்று பெயர். ஒருத்தர் வீடு நகர வேண்டுமென்றால் ஊரே கூலியில்லாமல் வந்து இழுக்கும்; அழைத்தவர் வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். எதெல்மிராக்கா போட்டாள். குழி வெட்டி, பழுக்கக் காய்ந்த கல்லின்மேல் சிப்பியும் கோழியும் புகையூட்டிய பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் கொட்டி, இலை மூடி வேகவைத்த குராந்தோவின் வாசம் படகுத்துறை வரைக்கும் போனது. வேடிக்கை பார்க்க பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்களும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார்கள். இஷ்டப்பட்டதைப் போடட்டும் என்று வாசலில் ஒரு கூடை வைத்திருந்தாள். லிசாந்த்ரோ மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு அறையிலேயே இருந்தார்.

திங்கட்கிழமை எதெல்மிராக்கா முதல் ஆளாக அலுவலகத்தில் வந்து நின்றாள். கொடுத்த வாக்கு ஆயிற்றே. லிசாந்த்ரோ முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அப்போதுதான் அலுவலக உதவியாளர் ரொசால்பா நகத்துக்குப் பூச்சு தடவிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

“சார், வணிகப் பகுதின்னா படகுத்துறையிலேர்ந்து எதெல்மிராக்கா வீடு வரைக்கும்னுதானே ஊர்மன்றத்துல தீர்மானம்? வீட்டுக்கு முன்னால முடிஞ்சுடும். வீடு சேராது.”

“அதனால?”

“வீடு கீழ வந்துடுச்சே சார். அப்ப எல்லையும் கீழ வந்துடுச்சு. அக்கா வீடு இப்பவும் வெளியதான். மேல இருக்கற ஹோட்டல், இரும்புக்கடை, மருந்துக்கடை எல்லாம் இப்ப குடியிருப்புப் பகுதி.” ஊதி ஊதி நகத்தை உலர்த்தினாள். “நம்ம ஆபீஸும்தான்.”

லிசாந்த்ரோ முத்திரையைக் குத்தாமலே கீழே வைத்தார். எல்லைக்கல் நடச் சோம்பல்பட்டு, ஊருக்கே தெரிந்த வீட்டை எல்லையாக எழுதி வைத்திருந்தார்கள். வீடு எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்த அந்தப் புண்ணியவான்கள் எந்தத் தீவில் வாழ்ந்தார்களோ தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் ஹோட்டல் முதலாளி ஒயார்சோ குதித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே இரும்புக்கடை, மருந்துக்கடை. ஒரு மனு இருந்த மேசையில் இப்போது நான்கு. லிசாந்த்ரோ எதெல்மிராக்காவை வரவழைத்தார். வீட்டை உடனே பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எதெல்மிராக்கா துளிகூட மறுக்கவில்லை. “நீங்க சொன்னா சரி சார். ஆனா யாரு வீட்டை நகத்தச் சொல்றாங்களோ அவங்கதான் ஊரை அழைக்கணும். அவங்கதான் சாப்பாடும் போடணும்.”

ஆக, அரசாங்க அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, “சனிக்கிழமை வந்து ஒரு கை குடுங்க,” என்று கெஞ்சினார். அவர் வாடகை அறையில் முட்டை வேகவைக்கவே வழி இல்லை. அத்தனை பேருக்கும் சமைக்க ஊரில் யாரால் முடியும்? அதற்கும் எதெல்மிராக்காவிடமே போனார். சமையலுக்கும் சாமானுக்கும் தன் சம்பளத்திலிருந்து முன்பணம் எண்ணி வைத்தார். கஷ்டம் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை இன்னும் கூடுதலாக பஸ் வந்தது. பாதி மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் மாடுகள் வழுக்கின. அர்செனியோ இதற்கு மேல் முடியாது என்று நுகத்தை அவிழ்த்துவிட்டான். மறுநாளிலிருந்து உருளைக்கிழங்கு நடவு, அடுத்த சனிக்கிழமைதான் மாடு வரும் என்றும் சொல்லிவிட்டான். வீடு நின்ற இடம், ஒயார்சோவின் ஹோட்டல் வாசல்.

வாசல் என்றால் வாசலேதான். ஹோட்டலில் தங்க வந்தவர்கள் எதெல்மிராக்கா வீட்டு முன்கதவில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாகத்தான் ஹோட்டலுக்குள் போக முடிந்தது. அடுப்பில் சிப்பி வெந்துகொண்டிருக்கும்போது எவன் தாண்டிப் போவான்? உட்கார்ந்துவிட்டார்கள். ஒயார்சோவின் சாப்பாட்டு அறையில் மேசைவிரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது. அவர் தினமும் லிசாந்த்ரோவிடம் வந்து கத்திவிட்டு, போகிற வழியில் அதே அடுப்படியில் ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போனார்.

ரங்காகுவாவிலிருந்து மாமியார் ஃபோன் செய்தார். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டதாம், மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்டார். ஒரு வீடு வழியில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? லிசாந்த்ரோ ஃபோனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. ஊர்மன்றத்தை அவசரமாகக் கூட்டினார். எல்லோர் காலிலும் விழாத குறை. எல்லையை அக்காவின் பழைய இடத்துக்கும் மேலே தள்ளி, சிமெண்டுக் கல் நட்டு, தீர்மானம் போட வைத்தார். இனிமேல் ஹோட்டலும் உள்ளே, கடைகளும் உள்ளே, அலுவலகமும் உள்ளே, எதெல்மிராவும் உள்ளே. மற்ற மூன்று மனுக்களும் வாபஸ். அனுமதிப் பத்திரத்தில் தானே முத்திரை குத்தினார். குத்திய வேகத்தில் மேசை ஆடியது.

சனிக்கிழமை வீடு மேட்டில் ஏறிப் பழைய இடத்தில் உட்கார்ந்ததும், பெட்டியோடு பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே போனார். தெரு முழுக்க பஸ். குழியைச் சுற்றி ஜனக் கூட்டம், கையில் தட்டு, வாசலில் காசு நிரம்பி வழியும் கூடை. சாயங்காலப் படகைப் பிடித்தால் திங்கட்கிழமை மனைவி பக்கத்தில் இருக்கலாம்.

“இந்தாங்கம்மா, அனுமதி. ஒரு கையெழுத்து போட்டு வாங்கிக்கிட்டா போதும்.”

எதெல்மிராக்கா கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். பத்திரத்தை வாங்கினாள், முன்னும் பின்னும் பார்த்தாள், முத்திரை அழகாக இருக்கிறது என்றாள். அப்புறம் மரியாதையாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இப்ப வேணாம் சார். கொஞ்ச நாள் போகட்டும்.”

“அப்ப மனுவை வாபஸாவது வாங்குங்கம்மா. எனக்குக் குழந்தை பொறக்கப்போவுது.”

“அய்யோ, அதுவும் முடியாதே சார், பின்னாடி வேணும்ல. தாயையும் புள்ளையையும் இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க. பத்தியச் சாப்பாடு என் பொறுப்பு,” என்று உண்மையான பாசத்தோடு சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

லிசாந்த்ரோ பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். “இத்தனை நாள் இதுக்குத்தானே இந்தம்மா உயிரை எடுத்துச்சு?” என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

பக்கத்தில் மாடுகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த அர்செனியோ நிமிர்ந்து பார்த்தான்.

“அதை வாங்கிட்டா வீடு ஒரே இடத்துல நிக்கணுமே சார், நிக்கற வீட்டைப் பாக்க எவன் பஸ் ஏறி வருவான்?”