செடிக்கு மட்டும் வரும் வண்டி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், உன் மணி பிளாண்ட் மூவரும் நலம். அங்கே நீ, அண்ணி, புதுப்பித்து முடித்த உங்கள் ஹால் எல்லாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். அண்ணி வரிசையாக அனுப்பிய புகைப்படங்களில் சோபாவின் முகத்தில் நல்ல தெளிவு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும் என்ற உன் செய்தி கிடைத்தது. "செடியை நல்லா தேத்திட்ட. ஹால் மூலை வெறிச்சுனு இருக்கு. டிரைவர்கிட்ட குடுத்து விட்டுடு" என்று எழுதியிருந்தாய். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தேன். அதில் எங்கேயும் அப்பாவைக் காணோம். என் போனில்தான் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டும் பார்த்தேன். அப்போதும் அவர் வரவில்லை.

ஆகையால் உனக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிமெண்ட் தூசு இரண்டு பேருக்கும் ஆகாது, ஹால் வேலை முடிகிற வரைக்கும்தான் என்று சொல்லிப் போன வருஷம் அப்பாவையும் செடியையும் ஒரே வண்டியில்தான் அனுப்பினாய். செடி முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு வந்தது. அப்பா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று அண்ணி போனில், "நேர் வெயில் படக் கூடாதும்மா, இலையை தினமும் தொடைக்கணும், இடம் மாறினா அதுக்கு மனசு ஒடஞ்சு போயிடும்" என்று நெடுநேரம் சொல்லிவிட்டு, வைக்கப் போகும்போது, "ஆங், மாமாவோட மாத்திரை பையிலயே இருக்கு" என்றார்.

அத்தனை அக்கறையோடு வளர்ந்த செடி எப்படி வந்தது என்று நீ பார்த்திருக்க மாட்டாய். மொட்டைத் தண்டு, உச்சியில் நாலு இலை, இலையெல்லாம் வழவழவென்று ஒரு பூச்சு. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். மோந்து பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது மரச்சாமானுக்குப் போடுகிற பாலிஷ். அண்ணியைக் கேட்டால், "டீப்பாய், ஷோகேஸ் எல்லாம் தொடைக்கிறப்ப வேலை செய்யற அம்மா அதையும் சேத்து ஒரு இழுப்பு இழுத்துடுவாங்க, பளபளன்னு இருக்கும்ல" என்கிறார். மூச்சுவிட வழியில்லாமல் பளபளத்திருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்தால் மண்ணில் புளித்த காபி வாடை, வேரெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. இது யார் வேலை என்று அப்பாவைக் கேட்டேன். "நான்தான். சக்கரையே போடாம குடுப்பாங்க. யாருகிட்ட போய் சொல்றது, அதுகிட்ட ஊத்திடுவேன்" என்றார். ஆக, அந்த வீட்டில் அப்பாவின் குறையைக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அதற்குத்தான் வேர் அழுகியது.

சோப்புத் தண்ணீரால் இலையைத் துடைத்தேன், அழுகிய வேரை நறுக்கினேன், புது மண்ணில் அடித்தண்டை நட்டேன். மீதியைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வந்த நாளிலிருந்து டிவியைத் தவிர எதற்கும் முகம் கொடுக்காத அப்பா எழுந்து வந்து, "எந்தக் கணு?" என்று கேட்டார். கேட்டிருக்கவே கூடாது. அன்றோடு என் வீடு போயிற்று. டம்ளர், ஊறுகாய் பாட்டில், என் பல் துலக்கும் பிரஷ் நிற்கிற குவளை எல்லாவற்றிலும் துண்டுச்செடி. நான் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கல்லூரியில் விளிம்பு உடைந்த குடுவைகளைக் கேட்டபோது லேப் உதவியாளர், "மேடம், என்ன பரிசோதனை?" என்றார். குடும்பப் பரிசோதனை என்றேன். மனுஷன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார், அவருக்கும் அண்ணன் உண்டு.

மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பா சீட்டு ஒட்டாமல் எதை வைப்பார்? 'பெரியவன்', 'மருமக', 'சின்னவ' என்று பாட்டிலுக்குப் பாட்டில் ஒட்டினார். எல்லாத்துக்கும் ஒரே குழாய்த் தண்ணிதான் அண்ணா, நான் எந்தச் சூதும் பண்ணலை, ஆனா 'பெரியவன்'தான் முதல்ல அழுகினான். நாத்தம் தாங்காம கொட்டப் போனேன். "இரு, இரு. அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுத்துப் பாப்போம்"னு கையைப் புடிச்சிட்டார். பக்கத்துலயே 'சின்னவ' வெள்ளை வெளேர்னு வேர் விட்டு நிக்கறா, அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது விடும், அதுக்கென்ன, தனியாதானே இருக்குன்னு நினைச்சிருப்பார். நீ சொல்றதும் அதுதானே. "உனக்கென்ன, தனியாதானே இருக்க." தனியா இருக்கறவ வீடுன்னா குடோனா அண்ணா? குளிச்சிட்டு இருக்கறப்ப கதவைத் தட்டி, "வேர் வந்திருக்கு, வெளிய வந்து பாரு"ங்கறார். நான் போன வருஷமே போயிருக்க வேண்டிய ஆராய்ச்சி, ஆறு மாசம், வேற பல்கலைக்கழகம். அப்பா வந்துட்டார்னு தள்ளி வச்சேன். இப்ப மறுபடி கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவை போகலன்னா எனக்கு இனிமே கூப்பிட ஆள் கிடையாது.

எனவே தெளிவாக எழுதுகிறேன். அடித்தண்டு துளிர்த்து, உங்கள் ஹாலுக்குத் தகுதியான உயரத்துக்கு வந்துவிட்டது. கொண்டு போ. ஆனால் வந்தபடிதான் போகும்: இரண்டு பேராக. இந்த முறை அப்பா முன் சீட்டில் உட்காரட்டும். செடிக்கு மட்டும் என்று டிரைவர் வந்தால் வெறும் வண்டிதான் திரும்பும்.

அண்ணிக்கு என் அன்பு. சோபாவை விசாரித்ததாகச் சொல். வழக்கப்படி இந்த இடத்தில் அப்பாவின் ஆசிகளையும் எழுத வேண்டும். அவரை நான் இன்னும் கேட்கவில்லை, உனக்கு எப்போதும் உண்டு என்றே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் அப்பாவிடம், "ஞாயித்துக்கிழமை அண்ணன் வண்டி அனுப்பறான்" என்றேன். உடனே சட்டைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, "என்னை வரச் சொன்னானா?" என்றார். எனக்குச் சட்டென்று பொய் வராது. "செடியைக் கேட்டான்" என்றேன். "செடியை மட்டுமா?" என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. செடியைக் கணு கணுவாக நறுக்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இப்ப செடின்னு ஒண்ணு இல்ல. வண்டி வேணாம்னு எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். ஆராய்ச்சிக்குப் போகிற இடத்தில் எனக்கு ஒரே அறைதான் தருகிறார்கள். அதில் இரண்டு கட்டில் போட இடம் இருக்குமா என்று கேட்டு அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.