பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு விளக்குகிறவர்

மனிதர்களில் 'விளக்குகிறவர்' என்றோர் இனம் உண்டு. அரிய இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவுக்கு இரண்டு உருப்படி தேறும். ரிப்பேர் செய்கிறவர் வேறு, இவர் வேறு. அவருக்கு ஸ்பானர் வேண்டும். இவருக்கு அகப்பட்ட ஒரு காது போதும்.

மில்லர்புரம் தேவபிரசாதம் இந்த இனத்தில் முதல் தரம். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் பாடம் சொன்னவர். ஓய்வு பெற்றபோது மாணவர்கள்தான் போனார்கள், பாடம் போகவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் பிணத்தைப் பார்க்குமுன் குளிர்பெட்டியின் கம்ப்ரசரைப் பார்ப்பார். அது ஓடும் விதத்தைச் செத்தவரின் மகனுக்கே சொல்லி, அவன் அழுகையை முக்கால் மணி நேரம் ஒத்திப்போட வைத்தவர். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயர் நோவாவின் பேழையைப் பற்றிப் பிரசங்கித்தபோது எழுந்து நின்று, "எல்லாஞ் சரி, அடியில சேருத தண்ணி வெளிய போக நோவா எங்க வழி வச்சாரு?" என்று கேட்டார். அன்று ஆராதனை முடியப் பகல் இரண்டு மணி ஆயிற்று. நாலு மணி என்பாரும் உண்டு.

இப்பேர்ப்பட்டவருக்குத் தம்பி மகள் ஜாஸ்லின் வழியில் ஒரு மாப்பிள்ளை வாய்த்தான்: இன்பமணி. பாவம், அவனிடம் ஒரு படகும் இருந்தது.

பழைய பைபர் படகு, பல கை மாறி வந்தது. ஒவ்வொரு சொந்தக்காரரும் தன் பங்குக்கு ஒரு ஓட்டை போட்டு, ஒரு ஹோஸைச் சொருகி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். நடுவில், பிடித்ததை உயிரோடு வைக்க ஒரு தொட்டி. பம்பு கடல்தண்ணீரை இழுத்து அதில் விடும். நிரம்பி வழிவது ஒரு குழாய் வழியே கடலுக்கே திரும்ப வேண்டும். அந்தக் குழாய் எங்கோ இற்றுப்போனதால், வழிந்ததெல்லாம் படகின் அடியில் சேர்ந்தது. சேர்ந்ததை, படகைக் கரையில் ஏற்றியபின் வடிக்கப் பின்பக்கம் ஒரு துளை. அதற்கு ஒரு பித்தளை பிளக். இவ்வளவுதான் சங்கதி. இது இன்பமணிக்குத் தெரியும். தெரிந்து என்ன? பெண் வீட்டுப் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசுகிற மாப்பிள்ளைக்குக் குழம்பில் மீன் விழுமா?

அன்று தொட்டியில் சிங்கி இறால் கிடந்தது. பத்து நாள் வெறுங்கையோடு திரும்பியவனுக்குக் கடல் இரங்கிக் கொடுத்தது, மொத்தம் பதினேழு. உயிரோடு கரை சேர்ந்தால்தான் எடுப்பார்கள். மீசை ஆடாவிட்டால் தொடமாட்டார்கள். வாங்குகிறவரை அழைத்து வந்து திரேஸ்புரம் கரையில் காத்திருந்தாள் ஜாஸ்லின். "பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போங்க, படிச்சவுக" என்று காலையில் ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

கரைக்குத் திரும்பும் பாதி வழியில் கால் நனைந்தது.

"மாமா, அடியில தண்ணி கூடுது. வாளியால இறைச்சிருதேன்."

"வாளியா? மாப்ள, அடிப்படையில இது ரொம்ப சிம்பிளு. படகு வேகமா ஓடும்போது பிளக்கைக் கழத்துனா, அந்த வேகமே உள்ள கெடக்க தண்ணிய வெளிய இழுத்துரும். நீங்க இன்ஜினை முறுக்குங்க."

கழற்றினார். என்ன ஆயிற்று என்கிறீர்கள்? தண்ணீர் ஒழுங்கு மரியாதையாக வெளியே போயிற்று! விளக்குகிறவர் தப்பாகச் சொல்வார் என்று யார் சொன்னது? அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆபத்தே அதுதான்.

இன்பமணி வாய் பிளந்தான். அதோடு மூடியிருக்கலாம். "அது எப்படி மாமா?" என்று கேட்டுவிட்டான்.

முப்பது வருஷத்தில் ஒருவரும் தானாக அவரைக் கேட்டதில்லை. தேவபிரசாதத்தின் முகம் கிறிஸ்துமஸ் வீடு போல ஆனது. "சொல்லுதேன். இந்த இரைச்சல்ல ஒண்ணுங் கேக்காது" என்று எட்டி இன்ஜினை நிறுத்தினார்.

படகு நின்றது. தண்ணீர் நிற்கவில்லை, போன வழியே திரும்பி வந்தது.

"மாமா, பிளக்கு!"

"வாரேன், வாரேன். மொதல்ல அழுத்தம்னா என்னன்னு பாப்போம்."

"மாமா, முட்டளவு வந்துட்டு!"

"அதத்தான் நானுஞ் சொல்லுதேன். இந்தா, இது படகு, அங்கன கெடக்கது கடல்னு வச்சுக்கிடுங்க" என்று பிளக்காலேயே கடலைச் சுட்டினார். கை வழுக்கிற்று. கடல் 'சரி' என்று வாங்கிக்கொண்டது.

அதற்குள் தண்ணீர் தொட்டி விளிம்பைத் தொட்டது. சிங்கிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, பெரியவர் செருப்பைச் சுற்றிக்கொண்டு, தாழ்ந்திருந்த பக்கமாகப் பார்த்து வீடு திரும்பின. ஒன்று மட்டும் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனதாம். இன்பமணி உடுத்திருந்த சாரத்தை உருவினான், துளைக்குள் திணித்தான், குதிகாலால் மிதித்துக்கொண்டே இன்ஜினைக் கிளப்பினான்.

கரை சேர்ந்தபோது தொட்டியில் நாலே நாலு மீசைகள் ஆடின. வாங்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தாம் கொண்டுவந்த பெட்டியை மூடினார். தேவபிரசாதம் அவரை மடக்கி, ஓடும் படகில் தண்ணீர் வெளியேறும் விதத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"பெரியப்பா, அது கெடக்கட்டும்" என்றாள் ஜாஸ்லின். "இவுக ஏன் இத்தன பேரு முன்னால டவுசரோட நிக்காக?"

"நல்ல கேள்வி!" என்றார் தேவபிரசாதம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் தண்ணீர் ஏறத் தொடங்கியதுமே, 'முதலில் பம்பை அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்' என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆரம்பித்தீர்களே, அவர் உங்களைக் கேட்டாரா? சற்றுத் திரும்பிப் பாருங்கள். அவர் எழுந்துபோய் வெகு நேரமாகிறது.