பொட்டு வைத்த கணினி

ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் தர்மேந்திரனின் வீட்டுக் கணினி பதினோராண்டு உழைத்துவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணை மூடியது. அன்று மாலையே அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இம்முறை புதுக் கணினியைத் தேர்ந்தெடுப்பவர் தாமே, மனைவியல்லர்.

காரணம் இருந்தது. லாரிக் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் அவருக்கு ஒரே ஓர் ஆசை. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள், அதில் கார்ப் பந்தய விளையாட்டு. முப்பதாண்டு பிறர் ஓட்டிய லாரிகளை வழியனுப்பிய மனிதர், ஒருமுறையாவது தாமே வேகமாக ஓட்ட வேண்டாமா?

மனைவி கலாதேவி வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுப்பவர். பயிற்சித்தாள் தட்டச்சு செய்ய, அலுவலகம் ஏதாவது கழித்துப்போட்ட பழைய கணினியே போதும் என்றார். ஒதுக்கிய இரண்டாயிரம் வெள்ளிப் பணத்தில் மிஞ்சுவதைக் கொண்டு, சுற்ற ஆரம்பித்தால் அடுப்படிவரை நடந்துவரும் சலவை இயந்திரத்தை மாற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம்.

தர்மேந்திரன் மறுக்கவில்லை. மறுத்து வென்ற வரலாறு அவருக்கில்லை. ஆனால் கலாதேவியின் சட்டம் ஒன்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த புதுப்பொருளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால், அது குடும்பத்தில் சேர்ந்தாயிற்று. அதன்பின் கடைக்குத் திருப்பக் கூடாது. வலக் கதவு சாத்தவே சாத்தாத அலமாரி ஒன்று, அச்சட்டத்தின் துணையோடு ஒன்பது ஆண்டாகக் கூடத்தில் நிற்கிறது.

ஆகவே திட்டம் எளியது. மனைவி வீட்டில் இல்லாத நேரத்தில் கணினி வர வேண்டும். அவர் திரும்புமுன் பொட்டு வைத்துவிட வேண்டும்.

ஈப்போ நகரில் நான்கு கடை ஏறி இறங்கி, கடைசியில் தீபன் என்ற இளைஞரின் கடையில் ஆசைப்பட்டது கிடைத்தது. முழுப் பணத்தையும் கட்டினார்.

"வெள்ளிக்கிழமை காலையில கொண்டாந்துரு தம்பி. டீச்சர் கோயிலுக்குப் போயிருப்பாங்க."

"எந்த டீச்சர்ண்ணே?"

"என் வீட்டுக்காரம்மாதான். கலாதேவி டீச்சர்."

தீபனின் பேனா ஒரு கணம் நின்றது. "சரிண்ணே, கவலப்படாதீங்கலா," என்றார்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை பெட்டி வந்தது. கண்ணாடிக்குள் விளக்குகள் நீலமும் சிவப்புமாக ஓடின. தர்மேந்திரன் அதற்கு நெற்றி எது என்று சற்றே தடுமாறி, மூன்று இடத்தில் பொட்டு வைத்தார். கூடுதல் பாதுகாப்புக்கு ஓர் எலுமிச்சம்பழமும் வைத்தார்.

கலாதேவி வந்தார், பார்த்தார், கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பொட்டு நீங்களே வச்சீங்களா?"

"ஆமா. ராகு காலத்துக்கு முன்னாடியே வச்சுட்டேன்."

"அப்ப சரி. இனி இது நம்ம வீட்டுப் பொருள்."

வென்ற மனிதர் பந்தய விளையாட்டைத் திறந்தார். மற்றக் கார்கள் எப்படியோ, அவருடைய கார் நகரவில்லை. அரைமணி கழித்து ஒரு சக்கரம் மட்டும் லேசாக அசைந்தது. தீபனுக்குப் போன் செய்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பெட்டியும் லைட்டும் நீங்க கேட்டது. உள்ள இருக்கிறது டீச்சர் கேட்ட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரு. ஆறு வருசம் அவங்ககிட்ட டியூஷன் படிச்சவன் நான். நீங்க கடைய விட்டு இறங்குனதுமே போன் போட்டுச் சொல்லிட்டேன். மிச்சக் காசையும் அவங்ககிட்டயே கொடுத்தாச்சு. இப்பவும் அவங்க குரலக் கேட்டா கை தன்னால கட்டிக்குதுலா."

தர்மேந்திரன் போனை வைத்துவிட்டு, கணினியின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். "இதக் கடையில திருப்பிக் கொடுத்துட்டு வாரேன்."

"பொட்டு வச்சதையா?" என்று அமைதியாகக் கேட்டார் கலாதேவி.

வயர் கையிலேயே நின்றது. அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நிற்க, அதிலிருந்து புதிய சலவை இயந்திரம் இறங்கியது. கோயிலிலிருந்து நேரே கடைக்குப் போய் கலாதேவி வைத்திருந்த சந்தனம், அதன் நெற்றியில் இன்னும் ஈரம் உலராமல் இருந்தது.