மாமனாருக்கு ஏற்ற பீர்

ஓசூரில் கியருக்குப் பல் வெட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உப்புமாவுக்கு எந்த பீர் பொருந்தும் என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவர் ரிஜெக்ட் அண்ணன்.

பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. எங்கள் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை மேசை அவருடையது. தேறிய சாமானுக்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு அட்டை. சட்டைப் பையில் நூல் கோத்த அட்டைகள் எப்போதும் துருத்திக்கொண்டு நிற்கும். நான் அதே கம்பெனியில் சுற்றறிக்கை எழுதுகிறவன். என் எழுத்தைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே வாசகர் அவர். பிழை பார்க்கத்தான் படிப்பார், ஆனாலும் வாசகர் வாசகர்தானே.

எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு போகிற வழியில், பீரைத் தாங்களே காய்ச்சி ஊற்றுகிற கடைகள் முளைத்தபோது அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை கிடைத்தது. குடிக்கப் போகிறீர்களா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். பரிசோதிக்கப் போகிறார். மரத்தட்டில் ஆறு குட்டிக் கோப்பைகளில் ஆறு ரகம் வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், முகர்வார், ஒவ்வொன்றிலும் மூன்று மடக்கு. மிச்சத்தை அப்படியே வைத்துவிடுவார்.

"ஏண்ணா வீணாக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏம்பா, ஒரு லாட்டுல இருக்கற அத்தன கியரையும் ஒடச்சா டெஸ்ட் பண்றோம்? சாம்பிள் போதும்."

பரிமாறுகிறவரிடம் கன்னடத்தில், "தும்பா தண்ணகிதே ஸ்வாமி" என்று குறைப்பட்டுக்கொள்வார். ரொம்பச் சில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடுமாம். கடைக்காரர்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு அவர் உள்ளே நுழைந்தாலே சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொள்வார்.

கற்றதை அவர் கேன்டீனில் எங்களுக்கு இறக்குவார். புதன்கிழமை உப்புமாவுக்கு ஜெர்மன் மாதிரி கோதுமை பீர். "அதுல வாழப்பழ வாசன வரும்பா. உப்புமாவுக்குப் பழம் தொட்டுக்கறவன்தான நீ? அதே கணக்கு." ராகிக் களிக்கும் கறிக்குழம்புக்கும் கறுப்பாக, காப்பிக்கொட்டை தீய்ந்த வாசனையோடு வரும் ஸ்டவுட். புளிச்சோற்றுக்குப் புளிப்பு பீர் கூடாது, இரண்டும் சண்டை போடும். மிளகாய் பஜ்ஜிக்கு லேசான லாகர். சாப்பாட்டோடு நிறுத்த மாட்டார். பதவி உயர்வுக்கு ஒன்று, இடமாற்றத்துக்கு ஒன்று, வேண்டாத மேலாளர் ஓய்வு பெறுகிற நாளுக்குப் பிரத்தியேகமாக ஒன்று. நைட் ஷிப்ட் முடிந்த காலைக்கு என்ன என்று கேட்டால் மட்டும், "ஃபில்டர் காபி. போய்ப் படு" என்பார்.

இந்த ஞானத்தால் அவருக்கு அவமானமும் நேர்ந்திருக்கிறது. குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்து ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஜோடி சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா அதைத் தாகம் என்று எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்து மண்டபத்தின் பின்பக்கம் அழைத்துப்போய் ஒரு பிராந்தி பாட்டிலைக் காட்டினார். அண்ணன் திறந்து முகர்ந்தார். பாட்டில் கழுத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வந்து ரசம் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் குடும்ப விவகாரத்தைக் கொண்டுபோனேன்.

நான் விருதுநகர்க்காரன், இந்து. மனைவி ஸ்டெல்லா பாளையங்கோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் திருமணத்துக்கு அவள் அப்பா வரவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான்கு வருடம் கழித்து முதல்முறையாக ஒரு வாரம் தங்க வந்தார். வந்தவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். "ஸ்டெல்லா, அவருக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார். அவள் கேட்பாள். "வேணும்னு சொல்லு" என்பேன். மோர் வரும்.

திங்கட்கிழமை ரயில். சனிக்கிழமை ஸ்டெல்லா சொன்னாள்: "இந்தத் தடவையும் அப்பா உங்கட்ட பேசாமப் போனா, இனிமே நான் ஊருப் பக்கமே போக மாட்டேன்." அவள் வெறும் பேச்சுக்குச் சொல்கிறவள் அல்ல.

அண்ணன் விசாரணையை ஆரம்பித்தார். "குடிப்பாராப்பா?"

"கிறிஸ்துமசுக்கு ஒரு கிளாஸ் வீட்டு ஒயின்."

"காப்பிக்குச் சக்கர?"

"போடமாட்டார்."

"பாவக்கா?"

"மோர்ல ஊற வச்சு பச்சையாவே தின்பார்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "ஐ.பி.ஏ.தான், கசப்பு பீரு. வேற பேச்சே இல்ல. கூட மீன் வறுவல். நாளைக்குப் பூச முடிஞ்சதும் கூட்டினு வா. உன் சம்சாரத்த விட்டுட்டு வா. நடுவுல ஆள் இருந்தா அவரு எப்படி உன்கிட்ட நேரா பேசுவாரு?"

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் அண்ணனே உட்கார்ந்திருப்பார் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மறுநாள் மாதா கோயில் வாசலில் அறிமுகம் முடிந்து, மூவரும் என் காரில் எல்லையைத் தாண்டி, கடைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் மாமனார் அண்ணன் பக்கம் திரும்பினார். "வே, காத்தாடிய கொஞ்சம் கொறைக்கச் சொல்லும், அவருட்ட." அவர் என்பது நான். காத்தாடியின் சுவிட்ச் என் தோளுக்குப் பின்னால் இருந்தது.

பயத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். முதல்முறை பீர் குடிக்கிறவருக்குக் கசப்பைக் கொடுத்தால் விபரீதம் ஆகிவிடும் என்று, அண்ணன் கைகழுவப் போன நேரத்தில் கோதுமை பீர் சொல்லிவிட்டேன். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். முகம் வினாத்தாள் கசிந்துவிட்டதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் முகம். திரும்பி வந்த அண்ணன் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தவர், கோப்பையில் கட்டுவதா என் மேல் கட்டுவதா என்று ஒரு கணம் யோசித்தது எனக்குத் தெரிந்தது.

ஐ.பி.ஏ. வந்தது. கூடவே முள் நீக்கி, மிளகு போட்டு வறுத்த மீன். "ஒரு வாய் மீனு, ஒரு வாய் இது. அவசரமில்ல சார்."

மாமனார் அப்படியே செய்தார். இரண்டாவது வாயில் கண்ணை மூடினார். "வே, இது பாவக்கால்லா?"

"பாவக்காதான் சார். வெள்ளக்காரன் ஊர்ப் பாவக்கா. ஹாப்புனு ஒரு பூவு, அதோட கசப்பு. மீன்ல இருக்கற எண்ணெய அறுத்துடும் பாருங்க. அதான் ஜோடி."

"எதுக்கு எது பொருத்தம்னு எப்படிவே கண்டுபிடிக்கீரு?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல சார். ஒண்ணு இன்னொண்ண அமுக்காம இருந்தா போதும்."

மாமனார் இன்னொரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, நான் இல்லாத மாதிரி கேட்டார்: "இவரு எப்படி? நீரு தெனமும் பாக்கீருல்லா?"

என் உயிர் மீன் தட்டில் கிடந்தது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கியரைப் பார்க்கிற அதே பார்வை.

"பச்ச அட்ட போட முடியாது சார். பொய் சொல்லக் கூடாது. ஆனா மூணாவதா ஒரு அட்ட இருக்கு. அளவு அங்கங்க பிசகியிருக்கும், ஆனா வண்டி ஓடும். வாங்கறவங்க சரின்னு கையெழுத்துப் போட்டா அனுப்பலாம். டீவியேஷன்னு பேரு."

மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து நிதானமாக எழுதினார். சாமான்: மாப்பிள்ளை. குறைகள்: முன்யோசனை பற்றாது, எழுதுவது தேவைக்கு மேல் நீளம், தலையில் தேய்மானம். உபயோகத்துக்குப் பாதிப்பில்லை. எழுதி முடித்ததும் பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டு, பில் கேட்கக் கவுண்டருக்குப் போய்விட்டார். வேண்டுமென்றே போனாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மாமனார் அட்டையை இரண்டு முறை படித்தார். பையைத் தடவினார். பூசைக்குப் போட்டு வந்த சட்டையில் பேனா இல்லை. காத்தாடி சுற்றியது. கேட்டுச் சொல்ல மேசையில் வேறு ஆள் இல்லை.

"மாப்ள, பேனா வச்சிருக்கியளா?"

சுற்றறிக்கை எழுதிப் பிழைக்கிறவனிடம் அன்றைக்குப் பேனா இல்லை. ஓடிப்போய் பக்கத்து மேசைக்காரரிடம் வாங்கி வந்தேன். மாமனார் கையெழுத்துப் போட்டார், மதிப்பெண் பட்டியலில் போடுவது போல, தேதியோடு.

எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்திருந்ததால் நான்தான் வண்டி ஓட்டினேன். மாமனார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டெல்லா பத்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கிய மார்க்கிலிருந்து ஆரம்பித்து, நான்கு வருடப் பேச்சை வழியெல்லாம் என்னிடம் பேசித் தீர்த்தார். பின்சீட்டில் ரிஜெக்ட் அண்ணன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கொஞ்சம் மெல்லமாப் போங்க. பாவம், தூங்குதாரு."

ஏற்கெனவே நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். முப்பதுக்குக் குறைத்தேன். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனில் திட்டினார்கள். ஒவ்வொரு ஹாரனுக்கும் நானும் மாமனாரும் ஒன்றாகத் திரும்பி, அவர் விழித்துக்கொண்டாரா என்று பார்த்தோம்.