விளக்குப் போடாமல் ஏழு நிமிடம்

ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறில்லை. அதிலும் நாலு பேர் பார்க்க உட்கார வேண்டுமென்றால் என்னைப் போன்றவள் செத்தாள். (என் கல்யாண ஃபோட்டோவிலேயே எனக்குப் பாதி முகம்தான். மீதி என் வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால்.)

அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் மகள் சுதா, நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, இதே புனேயில் சினிமா படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பரீட்சைக்கு ஒரு சின்னப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷமே வீண். கோந்த்வாவில் எங்கள் ஃப்ளாட்டிலேயே எடுப்பதாக ஏற்பாடு. நடிக்க ஒத்துக்கொண்ட அம்மாளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"நீயே உக்காரும்மா. டயலாக்கே கிடையாது."

புருஷனை இழந்த ஒருத்தி சாயங்காலம் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே காலி நாற்காலி. வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. அவள் எழுந்து விளக்குப் போடவில்லை. ஏழு நிமிடம். அவ்வளவுதான் காட்சி.

"அழ வேணாமாடி?"

"வேணாம்மா. உன் முகம் ஒண்ணும் பண்ண வேணாம். வெளிச்சமே சொல்லிடும். ரூம் இருட்டாகுதுல்ல, அதான் அவ மனசு."

அந்த மனசுக்காக என் காலண்டர், பிளாஸ்டிக் பூச்சாடி, பூப்போட்ட மேஜைவிரிப்பு எல்லாம் பரணுக்குப் போயின. கேமரா பிடிக்க வந்தவள் அஷ்வினி என்கிற மராத்திப் பெண். என்னைக் 'காக்கூ' என்பாள், சித்தி மாதிரி. நான் காலையில்தான் பேப்பர் போட்டுத் தேய்த்திருந்த சன்னல் கண்ணாடியில் அவள் பவுடரைக் கரைத்துப் பூசினாள். "காக்கூ, இந்தக் கண்ணாடி ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று இந்தியில் சொன்னாள்.

முதல் நாள் உட்கார்ந்தேன். நாலாவது நிமிடம், எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சுவரோரம் நிற்கிறேன், ட்யூப்லைட் எரிகிறது.

"அம்மா! ஏன் எழுந்தே?"

"விளக்கு வைக்கிற நேரம்டி. இருட்டுல உக்காந்தா வீட்டுக்கு ஆகாது."

"அரே, அது படத்துலம்மா!"

"எடுக்கிறது நம்ம வீட்டுலதானே?"

சூரியன் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மறையும். மறுநாள் என் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடம், கைகள் என்னையும் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டன. சுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"துக்கத்துல இருக்கிறவ இருட்டுல உக்கார மாட்டாடி. அவதான் முதல்ல லைட்டைப் போடுவா" என்றேன். "அந்தக் காலி நாற்காலியை இருட்டுல யாரு பாத்துக்கிட்டு இருப்பா?"

"நாளைக்கு முடிஞ்சதும் கேமராவைத் திருப்பிக் கொடுக்கணும். நாளைக்கு ஒண்ணுதாம்மா இருக்கு" என்று மட்டும் சொன்னாள் சுதா. போட்ட சப்பாத்தியைத் தொடாமல் எழுந்து போனாள். பெற்ற பெண்ணின் ஒரு வருஷப் படிப்பு என் கையால் பாழாகப் போகிறது.

மூன்றாம் நாள் சுதா என்னை நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நானோ கல்லாக உட்கார்ந்திருந்தேன். ஆறு நிமிடம்! எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் எதிர் நாற்காலியின் கால்கள் மறைந்தன, பிறகு கைப்பிடி மறைந்தது.

எழுந்துவிட்டேன்.

ஸ்விட்சைத் தட்டினேன். எரியவில்லை. மறுபடி தட்டினேன். டக், டக். வாய் தானாகத் திறந்து நாற்காலிப் பக்கம் பார்த்துச் சொன்னது:

"ஏங்க, ஃபியூஸ் போயிடுச்சு பாருங்க."

நாற்பது வருஷமாகச் சொன்னது. சொன்னவுடன் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு யாரும் வரவில்லை. யாரும் 'கட்' சொல்லவுமில்லை. கேமரா ஓடுவதும் அவர் இல்லாததும் ஒரே நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தன. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"இதையும் கெடுத்துட்டேன்டி, சுதா."

அவள் வந்து கட்டிக்கொண்டாள். தமிழ் தெரியாத அஷ்வினி கூட மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஃபியூஸ் என் பையிலதாம்மா இருக்கு" என்றாள் சுதா. அதைத் திருப்பி மாட்ட எங்கள் மூவரில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

வேறு வழியில்லாமல் சுதா அன்றைக்கு எடுத்ததையே கொடுத்தாள், பாஸ் ஆனாள். படத்தைப் போட்டுக் காட்டிய அன்று நான் முன்சீட்டுக்குப் பின்னால் குனிந்தபடியே இருந்தேன். அந்த வசனத்தை எழுதியது யார் என்று அவள் ஆசிரியர் கேட்டாராம்.

இப்போதெல்லாம் கரண்ட் போனால் போதும். சுதா கத்துவாள், அஷ்வினி இருந்தால் அவளும் தன் உடைந்த தமிழில் கத்துவாள்: "ஏங்க, ஃபியூஸ் போயிடுச்சு பாருங்க!" ஆரம்பத்தில் எனக்கு உயிரே போய்விடும். இப்போது அவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, நானும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் கூப்பிட்டால் அவருக்கு எங்கே காதில் விழப் போகிறது.