ஹார்லன் பெக்வித் வாசலோரம் காத்த படலம்

காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் இடத்திலும் கணநேரம் உறைந்து, அடுத்த வண்டி மூக்கை நுழைத்ததும் மறைந்துபோகும் பெயரறியாத் தெய்வமே, காத்தருள்க. உன்னைத் தேடித் தெருத்தெருவாய் வலம்வரும் அடியார்களுக்குக் கலிபோர்னியா நாட்டுப் பல்மேரா நகரில் குறைவே இல்லை. அவர்களுள் தலையாயவன் ஒருவனைப் பாடவே இங்கே புகுந்தோம்.

வாழ்க ஹார்லன் பெக்வித்! நெடுந்தோளன், நரைமீசையன், நகரத்துக் குடிநீர்க் குழாய்களோடு வாழ்நாளெல்லாம் மல்லாடி ஓய்வு பெற்றவன், செந்நிற டிரக் ஒன்றின் ஏகபோகத் தலைவன், சிகமோர் தெருவில் தன் வீட்டுக்கு முன்னே நடைபாதையின் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு வண்டி நிற்கும் நீளத்துக்கு நீண்டு கிடந்த தார்நிலத்தின் நிகரற்ற காவலன்! அந்நிலம் அவனுக்குப் பட்டா உள்ள நிலம் அன்று. அது பொதுத்தெரு. யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று நகரச் சட்டம் சொல்லும். ஆயினும் சட்டம் சொல்வதைக் கேட்டுத் தளர்ந்துவிடும் நெஞ்சமா அது? விருந்துக்கு வந்த அயலூர்க் கார்களையும், மணியடித்து வந்த ஐஸ்கிரீம் வண்டியையும், பியானோ இறக்க வந்த பெரும் லாரியையும் தன் வாசலோரம் அணுகவிடாமல் புறங்கண்டவன் அவன். தான் எழுந்துபோன இடத்தில் மாற்றான் வந்து அமர்ந்துவிடுவானோ என்று அஞ்சி, வாசலில் டிரக் பளபளத்து நிற்க, பால் வாங்க வெயிலில் நடந்தே கடைக்குப் போய்வரும் தவசீலன் அவன்.

அத்தகையவனுக்கு இடர் மேற்கு வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

அங்கே வாழ்ந்தவள் கொன்சுவேலோ அரைசா. ஊரிலுள்ள மணப்பெண்களுக்கெல்லாம் உடை தைத்துக் கொடுக்கும் ஊசிவேல் ஏந்திய வீராங்கனை. அவள் தன் கொல்லைப்புறத்தில், பழைய கோழிக்கூடு இருந்த மூலையில், ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும் குளிக்க ஓரிடமும் கொண்ட சிறுவீடு ஒன்று கட்ட எண்ணினாள். கொல்லையில் வீடு கட்டுவோர் அவ்வீட்டுக்கென்று தம் மனைக்குள்ளேயே ஒரு வண்டி நிற்க இடம் காட்ட வேண்டும் என்பது அந்நாளில் பல்மேராவின் விதி. கொன்சுவேலோவின் மனையோ ஒடுங்கியது. ஆகவே, ‘எனக்கு மட்டும் இவ்விதியிலிருந்து விலக்கு வேண்டும்’ என்று நகரத் திட்டமிடல் ஆணையத்துக்கு விண்ணப்பித்தாள். விலக்கு கிடைத்தால் சிறுவீட்டார் வண்டி எங்கே நிற்கும்? தெருவில் நிற்கும். தெருவில் எங்கே? கேட்கவும் வேண்டுமோ!

இனி இப்போரின் கொடுமையைச் சொல்வோம். அந்தச் சிறுவீட்டில் குடியேற இருந்தவர்கள் இருவர். ஒருத்தி கொன்சுவேலோவின் மகள் யெசேனியா, தொடக்கப்பள்ளி ஆசிரியை. மற்றவன் வெஸ்லி பெக்வித், பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பவன், நம் நாயகனின் ஒரே மகன். வேலியின் இருபுறமும் வளர்ந்து, வேலியின் மேலாகவே காதலித்து, வரும் இலையுதிர் காலத்தில் மணமுடிக்க நாள் குறித்தவர்கள். பல்மேராவில் வாடகைக்கு வீடு பிடிக்க இருவர் சம்பளமும் போதவில்லை. கொல்லை வீடு இல்லையென்றால் ஐடஹோ மாநிலத்துக்குப் போய்விடுவது, அங்கே யெசேனியாவின் அத்தை மகன் பார்த்துவைத்த வீட்டில் குடியேறுவது என்று முடிவாகியிருந்தது. மனைவி இறந்த நாள்முதல் ஞாயிறுதோறும் மகனோடு அமர்ந்து உண்பதைத் தவிர வேறு விழா அறியாத ஹார்லனுக்கு இவையனைத்தும் தெரியும். தெரிந்தும் அவன் அசையவில்லை.

"அப்பா, அது நாங்க இருக்கப்போற வீடுப்பா," என்றான் வெஸ்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த கோழிக்குக் குறுக்கே.

"தெரியும்டா. உன் கல்யாணத்துல முதல் ஆளா நின்னு ஆடப்போறவன் நான்தான். கல்யாணம் வேற, பார்க்கிங் வேற."

"அப்போ எங்களை ஐடஹோவுக்குப் போகச் சொல்றீங்களா?"

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? உன் வண்டி எங்க நிக்கும்னு மட்டும்தான் கேக்கறேன். என் வாசல்ல நிக்கும்."

"நான் உங்க பையன்ப்பா!"

"பையன்னா வீட்டுக்குள்ள வா. வாசல்ல உனக்கு என்ன வேலை?"

சம்பந்தி ஆகப்போகிறவளும் சளைத்தவள் அல்லள். மறுநாள் வேலிக்கு மேலே, மடலில் பொதிந்து அவித்த சோளமாவுப் பண்டம் ஆவி பறக்கும் தட்டு ஒன்று எழுந்தது.

"ஹார்லன், டமாலே அவிச்சிருக்கேன், சூடா இருக்கறப்பவே சாப்பிட்டுடுங்க. புதன்கிழமை கமிஷன்ல உங்களைக் கிழிச்சுத் தோரணம் கட்டப்போறேன்."

"ரொம்ப நன்றி கொன்சுவேலோ. போன தடவை காரம் கொஞ்சம் கம்மி."

"உங்க வாயில இருக்கற காரம் போதாதா?"

"போதும்தான். ஆனா அதைத் திங்க முடியாதே."

இவ்வாறு அறநெறி வழுவாமல் பகை வளர்ந்தது.

ஆணையத்தின் அவையில் குடிமகன் ஒருவன் பேசுவதற்கு மூன்று நிமிடம் அளிப்பர். கடலளவு ஆற்றாமைக்குக் கையளவு கிண்ணம்! ஆயினும் அந்த அவைக்கு ஒரு வழக்கம் உண்டு. பேச விரும்பாதவன் தன் நிமிடங்களைப் பேசுபவனுக்குத் தானமாய் வழங்கலாம். வழங்கியவன் அவையில் அமர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. இதை அறிந்த ஹார்லன் சிகமோர் தெருவின் இருமருங்கும் வீடுவீடாய் ஏறி இறங்கி நிமிடப் பிச்சை எடுத்தான். நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த லாயிட் கிரம் தந்தான். ரோஜாவுக்குக் கவாத்து செய்துகொண்டிருந்த பெவர்லி ஓஸ்ட் தந்தாள். ஒருவர் பின் ஒருவராய்த் தெருவே தந்தது. முக்கால் மணி நேரம் இடைவிடாது முழங்கத்தக்க பெரும்படை திரண்டது. அதற்கேற்ற உரையைக் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று நாயகன் பயின்றான். நடைபாதை விளிம்பின் மாண்பு, அயலார் கார்க்கதவுகளின் அடாத செயல், குப்பைத் தொட்டி வைக்க இடமின்றி அலையப்போகும் எதிர்காலம் என்று அவ்வுரை ஆறுபோல் விரிந்தது.

புதன்கிழமை மாலை நகரமன்ற வளாகத்தில் முதியோர் நடன வகுப்பும் இருந்தமையால் வண்டித்தளம் நிரம்பி வழிந்தது. ஹார்லனின் படையினர் தத்தம் கார்களை இரண்டு மணி நேரம் மட்டுமே நிறுத்தலாம் என்ற பலகையின் கீழ் வரிசையாக நிறுத்திவிட்டு அவை புகுந்தனர். ஹார்லன் மட்டும் நடந்தே வந்தான். அவன் டிரக் வாசலில் இருந்தது.

உயர்ந்த மேடை. அதன்மேல் ஆணையத்தார் ஐவர். நடுவே அவைத்தலைவி மார்ஜரி நகாஷிமா, கண்ணாடியை மூக்கின் நுனியில் நிறுத்தி, கையில் மரச்சுத்தியல் தாங்கி வீற்றிருந்தாள். பேசுமிடத்தின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று விளக்குகள். சிவப்பு எரிந்தபின் நாவசைத்தவன் அந்நகரில் எவனும் இலன்.

முதலில் தேவாலயத்து மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசும் வழக்கு வந்தது. முத்துவெள்ளையா, முட்டையோட்டு வெள்ளையா என்பதே வினா. இரு வெள்ளைகளும் இரு பேரரசுகளெனப் பொருதன. வண்ண அட்டைகள் கொடிகளெனப் பறந்தன. உறுப்பினர் ஒருவர் இரண்டையும் விளக்கின் கீழும், பின்பு சன்னலோரத்திலும் பிடித்துப் பார்த்தார். இறுதியில் முட்டையோடு வென்றபோது வெளியே அந்தி சாய்ந்திருந்தது. படையினர் சிலர் கொட்டாவி விட்டனர். வெளியே நின்ற கார்களின் நினைவு எவர்க்கும் இல்லை.

அடுத்து கொன்சுவேலோ எழுந்தாள்.

"என் பொண்ணு போட்டுக்கிற கல்யாண கவுனை நான்தான் தைக்கறேன்," என்றாள். "அளவு மாறினா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சரி பண்ணிடுவேன். ஐடஹோவுக்கு ஓட முடியாது மேடம். எனக்கு முழங்கால் வலி. அவ்வளவுதான்."

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அமர்ந்துவிட்டாள். நிமிடங்களை இப்படி ஊதாரித்தனமாய் வீசியெறிந்தவளைக் கண்டு நம் நாயகன் வியந்தான்.

பின்பு அவைத்தலைவி, "மிஸ்டர் பெக்வித்," என்று அழைத்தாள். மலை ஒன்று எழுந்தாற்போல் அவன் எழுந்தான். மீசையைத் தடவினான். ஒலிபெருக்கியின் கழுத்தைத் தன் உயரத்துக்கு வளைத்தான்.

"இவருக்கு நேரம் குடுத்தவங்க எல்லாரும் கொஞ்சம் கையைத் தூக்குங்க. எண்ணிக்கறேன்," என்றாள் அவைத்தலைவி.

கைகள் எழுந்தன, மூங்கிற்காடு போல. அக்கணத்தில், ஊழென்று சொல்வதா, நகராட்சி நிர்வாகம் என்று சொல்வதா, சன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கு சுழல மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று ஊர்ந்து வந்தது. அதன்மேல் அபராதச் சீட்டுக் கருவியைக் கையிலேந்திய நங்கை ஒருத்தி, விரைவின்றி, இரக்கமின்றி, வரிசையின் முதல் காரருகே இறங்கினாள்.

"ஐயையோ, அவ வந்துட்டா!" என்று அலறிய லாயிட் கிரம் உயர்த்திய கையோடே வாசலுக்குப் பாய்ந்தான்.

"லாயிட்! உக்காருய்யா!"

"நீ நடந்து வந்தவன், உனக்கென்ன! போன மாசமே ரெண்டு வாட்டி கட்டிட்டேன்!"

"ஹார்லன், மன்னிச்சுக்குங்க," என்று பெவர்லி ஓஸ்ட் கைப்பையை மார்போடு அணைத்தாள். "என் மனசு உங்க பக்கம்தான். கார்தான் அந்தப் பக்கம் நிக்குது."

கரை உடைந்த ஏரியென அப்பெரும்படை இரு கதவுகளின் வழியாகவும் வடிந்தது. கடைசியாக ஓடியவர் தொப்பியை மறந்துபோனார். பார்க்கிங் அறம் காக்க வந்தவர்கள் பார்க்கிங்கின் பொருட்டே களம் நீங்கினர். அவைத்தலைவி கண்ணாடிக்கு மேலாக வெறும் நாற்காலிகளைப் பார்த்தாள்.

"ஆள் இல்லன்னா நேரமும் இல்ல, மிஸ்டர் பெக்வித். உங்களுக்கு மூணு நிமிஷம்."

முக்கால் மணி நேரப் பேராற்றை மூன்று நிமிடக் குவளையில் எங்ஙனம் அடைப்பது? தேரிழந்து, யானை இழந்து, வெறுந்தரையில் நின்ற மன்னனைப் போல் நாயகன் நின்றான். அவன் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலி. எதிரணியின் வரிசையில் மட்டுமே மூவர் இருந்தனர்.

அம்மூவருள் ஒருவன் எழுந்தான். இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான்.

"மேடம், என்னோட மூணு நிமிஷத்தை அவருக்குக் குடுத்துடறேன்."

"நீங்க..." அவைத்தலைவி தாளைப் புரட்டினாள். "நீங்க அந்த வீட்டுல குடியிருக்கப் போறவர் இல்லையா? இவர் அதை எதிர்த்துப் பேசறார்."

"ஆமா மேடம். ஆனா என் அப்பா. மாசக்கணக்கா ஒத்திகை பாத்திருக்கார். பாதியில சிவப்பு விளக்கு எரிஞ்சா பாவம், அவரால தாங்க முடியாது."

"மிஸ்டர் பெக்வித், தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிங்க," என்றாள் அருகிருந்த யெசேனியா.

பச்சை எரிந்தது. ஹார்லன் தண்ணீர் குடித்தான். பின்பு தன் பேருரையைத் தொடங்கினான்.

"ஆணையத்துப் பெரியவர்களே! ஒரு மனுஷனோட வாசல்ங்கறது அவன் மானம். அந்த வாசலை அடைச்சுக்கிட்டு இன்னொருத்தன் வண்டி நின்னா, அவன் வீட்டுக்குள்ள இருந்தாலும் வெளியில இருக்கற மாதிரிதான். அந்த இன்னொருத்தன் யாரு..."

அங்கே அவன் தடுக்கி நின்றான். கண்ணாடியின் முன் பயின்றபோது அந்த இன்னொருவனுக்கு முகம் இருந்ததில்லை.

மேடையின் கோடியில் அமர்ந்திருந்த முதிய உறுப்பினர், மணிக்கூண்டு வழக்கில் வண்ண அட்டையைச் சன்னலோரம் பிடித்துப் பார்த்தவர், மெல்ல முன்னே சாய்ந்தார்.

"ஒரு சந்தேகம் சார். உங்க வீட்டுக் கேட்டுக்கு உள்ள, கார் ஷெட் வரைக்கும் சிமெண்டுப் பாதை போகுமே, அதுல என்ன நிக்குது?"

"ஒண்ணும் நிக்கல."

"ஷெட்டுக்குள்ள?"

"அது நிறைய சாமான். எக்சர்சைஸுக்கு ஓடற மெஷின் ஒண்ணு, கிறிஸ்துமஸ் பொம்மை மான் ஏழு, அப்புறம் என் சம்சாரத்தோட சைக்கிள்."

"சரி, பாதை காலிதானே. டிரக்கை ஏன் அங்க விடல?"

"அங்க விட்டா," என்றான் ஹார்லன், குழந்தைக்கு விளக்கும் பொறுமையோடு, "தெருவில இருக்கற இடத்தை யாராவது புடிச்சுக்குவாங்களே."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னது ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டு, வெறும் நாற்காலிகளை எல்லாம் தொட்டுத் திரும்பி, அவன் காதுக்கே வந்து சேர்ந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தன் நிமிடங்கள் தீர்ந்து மகனின் நிமிடங்கள் ஓடத் தொடங்கியிருந்தன. வாழ்நாளில் முதன்முறையாக, நேரம் மிகுந்திருக்கச் சொல் இல்லாமல் நின்றான் அவ்வீரன்.

கொன்சுவேலோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யெசேனியா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பச்சை மஞ்சளாயிற்று.

கேண்மின், மண்ணாள்வோரே! கோட்டையை இழந்து கோலை ஒப்புவித்த மன்னர் பலர். கோட்டையின் உள்முற்றத்தைத் தானே திறந்துவிட்டவன் இவன் ஒருவனே.

"அவன் வண்டி அந்தப் பாதையில நிக்கட்டும்," என்றான் ஹார்லன். குரல் இறங்கியிருந்தது. "இடம் இருக்குன்னு எழுதிக்குங்க. வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா அந்த ஓட்டை வண்டியில எண்ணெய் சொட்டுது. அடியில அட்டை விரிச்சுக்கணும். அதையும் எழுதிக்குங்க."

"அப்பா," என்றான் வெஸ்லி.

"என்னடா அப்பா? ஊர் முழுக்க பஸ்ஸுக்கு ரிப்பேர் பாக்கறே, உன் வண்டியை எவன் பாக்கறது?"

கொன்சுவேலோ எழுந்து, நாற்காலிகளின் நடுவே நடந்து, அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருந்தா நான் இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு இவ்வளவு நேரம் உக்காந்திருக்க வேண்டாமே, ஹார்லன்!"

"ஞாயித்துக்கிழமை யாரும் கேக்கலையே."

அவைத்தலைவி சிரிப்பை அடக்கச் சுத்தியலைத் தேவைக்கு மேல் பலமாகத் தட்டினாள். பக்கத்து மனையில் ஒரு வண்டிக்கு இடம் உறுதி செய்யப்பட்டதாலும், அட்டை விரிக்கப்படும் என்னும் நிபந்தனையாலும், கொல்லை வீட்டுக்கு அனுமதி அளிக்கும் தீர்மானத்தை வாக்குக்கு விட்டாள். ஐந்து கைகள் ஐந்து கோபுரங்களென ஓங்கின. எதிர்ப்பு இல்லை. விண்ணிலிருந்து பூமழை பொழிந்திருக்க வேண்டும்; கூரை இருந்தமையால் உள்ளே விழவில்லை. யெசேனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பாராமல், ஒரே வரிசையில், ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்தனர். பின்பு மகன் நகர்ந்து அந்த இடைவெளியில் அமர்ந்தான்.

அதன்பின் ஆணையத்தார் பல் டாக்டர் ஒருவரின் பெயர்ப்பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள்.